தூரத்திலிருந்து எழுந்த குரல்: அச்சோலி மக்களும் வட உகாண்டாவின் அமைதியும்

சூசா அரண்மனையில் பாரசீக அரசருக்குத் திராட்சை இரசம் பரிமாறும் பணியில் இருந்தார் நெகேமியா. எருசலேமின் மதில்கள் இடிந்து கிடக்கின்றன என்ற செய்தி வந்ததும் அவர் அழுதார், நோன்பிருந்தார், மன்றாடினார். இதுவரை நமக்குத் தெரியும். அதன்பின் அவர் செய்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள பகுதிகளின் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் வேண்டும் என்று அரசரிடம் கேட்டார் (நெகே 2:7). வெளிநாட்டில் வாழ்ந்த அந்த மனிதர், தம் ஊரைச் சுற்றி அதிகாரத்தில் இருந்தவர்களின் துணையைத் தேடினார்.

அன்புக்குரியவர்களே, நம் காலத்தில் இதே வழியில் நடந்தவர்கள் உகாண்டாவின் வடக்கே வாழும் அச்சோலி இனத்தவர். 1918இல் பைமோல் என்னும் ஊரில் மறைசாட்சிகளாக உயிர்நீத்த இளம் வேதியர்கள் தாவூதி ஒக்கெல்லோ, ஜில்தோ இர்வா ஆகிய இருவரும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே. 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவ்விருவரையும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தியபோது, அவர்களுடைய மண்ணில் பதினாறு ஆண்டுகளாகப் போர் நடந்துகொண்டிருந்தது.

1986 சனவரியில் யோவேரி முசேவேனியின் படை தலைநகர் கம்பாலாவைக் கைப்பற்றியது. வீழ்ந்த ஆட்சியின் இராணுவத்தில் இருந்த அச்சோலி வீரர்கள் வடக்கே சூடானுக்குத் தப்பி ஓடினர். அங்கிருந்து தொடங்கிய கிளர்ச்சிகளில் கடைசிவரை நின்றது ஜோசப் கோனி தலைமையிலான 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை'. கோனி சிறுவயதில் பீடச்சிறுவனாக இருந்தவர் என்று கூறப்படுகிறது. பத்துக் கட்டளைகளின்படி ஆட்சி அமைக்கப் போவதாகச் சொன்ன அந்தப் படை, தன் சொந்த இனத்தாரின் பிள்ளைகளைக் கடத்தி, கையில் ஆயுதம் கொடுத்து, கொல்லப் பழக்கியது. பீடத்தருகே சிறுவர்களோடு நிற்கும் ஒரு குருவுக்கு இதைப் படிப்பது எளிதல்ல. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் இவ்வாறு கடத்தப்பட்டனர்.

1996 அக்டோபர் 10ஆம் நாள் அதிகாலை, அண்டைய லாங்கோ பகுதியில் அபோக்கே என்னும் ஊரிலுள்ள புனித மரியா கல்லூரியின் விடுதிக்குள் நுழைந்து 139 மாணவியரைக் கடத்திச் சென்றார்கள். துணைத் தலைமையாசிரியை அருள்சகோதரி ராகேலே பஸேரா ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குள் அவர்களைப் பின்தொடர்ந்தார். மன்றாடி 109 பேரை மீட்டுவந்தார். முப்பது பேரை விட மறுத்துவிட்டார்கள். அந்த முப்பது பேரில் ஒருத்தியின் தாய் ஆஞ்செலினா அத்யாம் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து சங்கம் அமைத்து உலகெங்கும் பேசத் தொடங்கினார். பேசுவதை நிறுத்தினால் உன் மகளை விடுவிப்போம் என்று கிளர்ச்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விடுங்கள் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அவருடைய மகள் தப்பி வீடு திரும்பியது 2004இல்தான்.

அபோக்கே நிகழ்ச்சி நடந்து ஆறு மாதங்களில், 1997 ஏப்ரலில், வெளிநாடுகளில் குடியேறியிருந்த அச்சோலி மக்கள் இலண்டனில் கூடினார்கள். 'கச்சோகே மடித்' என்று அதற்குப் பெயர்; அவர்கள் மொழியில் 'பெருங்கூட்டம்' என்று பொருள். உகாண்டா அரசின் பேராளர்களும் கிளர்ச்சியாளர் தரப்பினரும் அங்கு வந்தனர். 1998 சூலையில் மீண்டும் கூடினர். போரைப் பேச்சுவார்த்தையால் முடியுங்கள் என்பதே அவர்கள் வேண்டுகோள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்தவர்கள் அனைவரும் தொடக்கம் முதல் அமைதியை நாடியவர்கள் அல்லர். புதிய ஆட்சிமீது கொண்ட கோபத்தில் கிளர்ச்சியாளருக்காக வாதாடியவர்கள், அவர்கள் சார்பில் அறிக்கை விட்டவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். இலண்டனிலோ நைரோபியிலோ இருந்துகொண்டு வீரம் பேசுவதில் ஆபத்து குறைவு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் குலு, கிட்கும் பகுதிகளின் முகாம்களில் இருந்தார்கள். 2005இல் உகாண்டா நலவாழ்வு அமைச்சும் உலக நலவாழ்வு நிறுவனமும் நடத்திய ஆய்வு, அந்த முகாம்களில் வாரத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் வழக்கத்துக்கு மேலாக இறக்கிறார்கள் என்று கண்டது. ஆகவே ஊரில் இருப்பவர்களின் குரலோடு வெளிநாட்டுக் குரல் இணைவதுதான் முக்கியமாயிற்று.

ஊரில் அந்தக் குரலாக இருந்தவர்கள் சமயத் தலைவர்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், இஸ்லாமியர் சேர்ந்து அமைத்த அச்சோலி சமயத் தலைவர்கள் அமைதி முயற்சிக் குழு, சரணடைவோருக்குப் பொதுமன்னிப்பு கேட்டுப் போராடியது. அதற்கான சட்டம் 2000 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல்வேறு ஆயுதக் குழுக்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தி வீடு திரும்பினர். குலு பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா 2003 சூனில் மற்றத் தலைவர்களுடன் நான்கு இரவுகள் குலு நகரின் தெருவில் உறங்கினார். கடத்தலுக்கு அஞ்சி இரவுதோறும் கிராமங்களிலிருந்து நடந்துவந்து நகரில் படுத்துறங்கிய ஆயிரக்கணக்கான சிறுவர்களோடு அவரும் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். அந்த நான்கு இரவுகளுக்குப் பின்புதான் வெளி உலகம் சற்றே திரும்பிப் பார்த்தது.

ஆனால் போரின் வேர் அண்டை நாடுகளிலும் பரவியிருந்தது. தென் சூடான் விடுதலைப் படைக்கு உகாண்டா உதவியது. அதற்குப் பதிலாகச் சூடான் அரசு கோனிக்கு ஆயுதமும் தங்குமிடமும் தந்தது. பெத்தி பிகோம்பே என்ற அச்சோலி அமைச்சர் காட்டுக்குள் சென்று நடத்திய பேச்சுவார்த்தை கனியும் நேரத்தில், 1994 பிப்ரவரியில், அரசுத் தலைவர் முசேவேனி ஏழு நாள் கெடு விதித்தார். பேச்சு முறிந்தது. சூடானின் உதவி பெருகியது. 1999 டிசம்பரில் உகாண்டாவும் சூடானும் நைரோபியில் உடன்படிக்கை செய்தபின்பே அந்த வழி மெல்ல அடைபடத் தொடங்கியது.

அண்டை அயலார் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதை 2006 காட்டியது. தென் சூடான் அரசின் துணைத் தலைவர் ரீக் மச்சார் ஜூபா நகரில் நடுவராக அமர்ந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. மொசாம்பிக்கின் முன்னாள் அரசுத் தலைவர் ஜோவாக்கிம் சிசானோ ஐ.நா. தூதராக வந்தார், கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் பார்வையாளர்களை அனுப்பின. வட உகாண்டா மக்கள் முகாம்களை விட்டு மெல்ல வயல்களுக்குத் திரும்பினர். 2008 ஏப்ரலில் கோனி இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வரவில்லை. என்றாலும் உகாண்டாவில் அந்தப் போர் மீண்டும் தலைதூக்கவில்லை.

மாறாக அது இடம் மாறியது. 2008 டிசம்பர் 14இல் உகாண்டா, காங்கோ, தென் சூடான் படைகள் காங்கோ காட்டிலிருந்த கோனியின் முகாம்களைத் தாக்கின. கோனி தப்பிவிட்டார். அருகிலிருந்த ஊர்களுக்குப் பாதுகாப்பு தர யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில் பராஜே, தொருமா முதலிய ஊர்களில், விழாவுக்குக் கூடியிருந்த மக்களைச் சூழ்ந்து 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். படையெடுப்பு வேண்டாம், பேச்சைத் தொடருங்கள் என்று அச்சோலி சமயத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் வேண்டியதைப் பலர் பலவீனமாகக் கருதியிருந்தார்கள்.

இக்குழுவின் தலைவர்களில் ஒருவரான ஆங்கிலிக்க ஆயர் பேக்கர் ஒச்சோலாவின் மனைவி 1997இல் கண்ணிவெடியில் இறந்தவர். அவரே மன்னிப்புக்காக முன்னின்று பேசினார். 'அவர்களும் எங்கள் பிள்ளைகள்' என்ற எண்ணமே அச்சோலி மக்களின் வேண்டுகோளுக்கு அடிப்படை. பள்ளிக்குச் செல்லும் வழியில் சிறுவனாகக் கடத்தப்பட்டு, பின்னாளில் தளபதியான தொமினிக் ஒங்வேனுக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021 மே மாதம் 25 ஆண்டுச் சிறை விதித்தபோது, அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஏறக்குறைய 50,000 பேருக்கு இழப்பீடாக 5 கோடி யூரோவுக்கும் மேல் வழங்க ஆணையிட்டது. ஒங்வேனிடம் பணமில்லை என்று நீதிமன்றமே கண்டறிந்து, பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் அத்தொகையை நாடுகளிடமும் கொடையாளரிடமும் கேட்டுத் திரட்ட வேண்டும் என்றது.