சிகரெட் பஞ்சு செங்கல் ஆன கதை

பெட்டிக்கடை வாசல், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை பெஞ்சுக்குக் கீழே என்று எங்கே பார்த்தாலும் கிடக்கும் ஒரு பொருள் சிகரெட் துண்டு. காலால் நசுக்கிவிட்டுப் போவதோடு அதைப் பற்றிய நினைப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சின்னத் துண்டுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் மருத்துவம் வருகிறது, விளம்பரம் வருகிறது, கோர்ட்டு வழக்கு வருகிறது. கடைசியாகச் செங்கல் சூளையும் வந்து சேர்ந்திருக்கிறது!

ஆம், சிகரெட் குப்பையைக் களிமண்ணில் கலந்து செங்கல் செய்யலாம் என்று ஆஸ்திரேலியாவில் செய்து காட்டியிருக்கிறார்கள். கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் இந்தச் செங்கலின் உண்மையான மதிப்பு தெரிய வேண்டுமானால், அந்தக் குப்பை முதலில் எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பஞ்சு இல்லாத காலம்

19ஆம் நூற்றாண்டில் சிகரெட்டைக் கையால்தான் சுருட்டினார்கள். நன்றாகப் பழகிய தொழிலாளி நிமிடத்துக்கு நான்கு சிகரெட் சுருட்டுவார். 1881ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுருட்டும் இயந்திரத்துக்கு காப்புரிமை பெற்றார். அது பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட் சுருட்டும் என்றார்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 200! ஜேம்ஸ் டியூக் என்ற வியாபாரி அந்த இயந்திரத்தைக் குத்தகைக்கு எடுத்து, விலையைக் குறைத்து, விளம்பரத்தில் பணத்தைக் கொட்டி, சில வருடங்களிலேயே அமெரிக்க சிகரெட் சந்தையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

சிகரெட் பெருகியது, ஆனால் அப்போது அது வெறும் புகையிலையும் காகிதமும்தான். குடித்து முடித்தபின் மிஞ்சும் துண்டு மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். நம் ஊர் பீடியும் இன்றுவரை அப்படித்தான். இலை, தூள், நூல் இவ்வளவுதான் அதில் இருக்கிறது. உடம்புக்குக் கேடு என்பதில் பீடிக்கும் சிகரெட்டுக்கும் வித்தியாசம் இல்லை. குப்பை என்ற விஷயத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது.

பயம் வந்தது, பஞ்சு வந்தது

1925ல் ஹங்கேரியைச் சேர்ந்த போரிஸ் ஐவாஸ் என்பவர் சுருக்கக் காகிதத்தால் சிகரெட் பில்டர் செய்யும் முறைக்கு காப்புரிமை பெற்றார். ஆனால் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950ல்கூட அமெரிக்காவில் விற்ற சிகரெட்டுகளில் பில்டர் வைத்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான்.

அதே 1950ஆம் ஆண்டுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் இருவரும், பிரிட்டனில் டால், ஹில் இருவரும் தனித்தனியே ஆராய்ச்சி செய்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். 1952 டிசம்பரில் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை இதை வீடுகளுக்கே கொண்டு போய்ச் சேர்த்தது. சிகரெட் குடிப்பவர்களுக்கு முதல்முறையாக உண்மையான பயம் பிடித்தது.

வியாபாரத்தில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் பயந்தால் ஒன்று பொருளைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் பயத்தைப் போக்க வேண்டும். சிகரெட் கம்பெனிகள் இரண்டாவது வழியைப் பிடித்தன. அதற்குக் கிடைத்த கருவிதான் பில்டர்.

1952ல் லோரிலார்ட் கம்பெனி கென்ட் என்ற சிகரெட்டைக் கொண்டுவந்தது. 'மைக்ரோனைட்' என்ற விசேஷ பில்டர் வைத்தது, உடல்நலத்துக்குப் பாதுகாப்பு என்று விளம்பரம். அந்த பில்டருக்குள் என்ன இருந்தது தெரியுமா? நீல அஸ்பெஸ்டாஸ்! அதுவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 1956 வரை அதை வைத்தே விற்றார்கள்.

இன்னொரு கம்பெனியான ஆர்.ஜே. ரெனால்ட்ஸில் க்ளாட் டீக் என்ற வேதியியலாளர் 1953ல் ஒரு யோசனை எழுதி வைத்தார். புகை பட்டவுடன் நிறம் மாறுகிற பொருளை பில்டரில் சேர்த்தால், அழுக்கெல்லாம் அதில் தங்கிவிட்டது என்று குடிப்பவர் நம்புவார் என்பதுதான் அந்த யோசனை. வடிகட்டும் திறனைப் பற்றி அதில் கவலையே இல்லை, கண்ணுக்கு வடிகட்டியது போலத் தெரிந்தால் போதும். பிற்காலத்தில் அமெரிக்காவில் நடந்த வழக்குகளால்தான் இதுபோன்ற உள் ஆவணங்கள் வெளியே வந்தன.

விளைவு, 1960க்குள் அமெரிக்காவில் விற்கும் சிகரெட்டில் பாதிக்கு மேல் பில்டர் சிகரெட் ஆகிவிட்டது. பிறகு உலகம் முழுவதும் அதுவே வழக்கமானது.

நம் பக்கம் பில்டரைப் பலரும் பஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். பார்க்கப் பஞ்சு போலத்தான் இருக்கும். ஆனால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக் இழை. மரக்கூழிலிருந்து ஆரம்பித்தாலும் ரசாயன மாற்றத்துக்குப் பிறகு சுலபத்தில் மட்குவதில்லை. மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சரி, இதனால் உயிராவது பிழைத்ததா? அமெரிக்க சர்ஜன் ஜெனரல் 2014ல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பிலும் கலவையிலும் செய்த மாற்றங்களால் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து கூடியிருக்கிறது என்கிறது அது. ஆக, குடிப்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை, மண்ணுக்கு பிளாஸ்டிக்கும் மிச்சம்.

தண்ணீருக்கும் கேடுதான். 2011ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த ஆராய்ச்சியில், குடித்துப் போட்ட ஒரே ஒரு சிகரெட் துண்டு ஊறிய ஒரு லிட்டர் தண்ணீர், அதில் விட்ட மீன்களில் சுமார் பாதியைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. நிகோடினும் மற்ற நச்சுகளும் அந்தத் துண்டில்தான் சேர்ந்திருக்கின்றன.

செங்கல் சூளைக்குள் சிகரெட்

இந்தக் குப்பையை என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் மெல்போர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அப்பாஸ் மொஹஜெரானி வேலையைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து மலேசியாவைச் சேர்ந்த அஸ்லினா அப்துல் காதிர் செய்த ஆராய்ச்சிகள் 2000களின் கடைசியில் வெளிவரத் தொடங்கின.

முறை எளிமையானதுதான். சேகரித்த துண்டுகளைக் களிமண்ணோடு கலந்து, அச்சில் இட்டு, உலர்த்தி, சூளையில் சுடுவது. சூட்டில் பில்டரும் காகிதமும் எரிந்துபோகும். எரியும்போது அதுவும் கொஞ்சம் வெப்பம் தருவதால் சூளைக்கு வெளியிலிருந்து தர வேண்டிய எரிபொருள் குறையும். எரிந்த இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாவதால் செங்கல் எடை குறைந்து, வெப்பத்தையும் குறைவாகக் கடத்தும். துண்டில் இருந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சுட்ட மண்ணுக்குள்ளேயே பெரும்பாலும் பூட்டப்பட்டுவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். துண்டுகளின் அளவு கூடக் கூட செங்கலின் வலிமை குறைகிறது. அதிகம் சேர்த்தால் பாரம் தாங்கும் சுவருக்கு உதவாது. ஆகவே 2016ல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் குழு ஒரு கணக்கை முன்வைத்தது. உலகில் ஒரு வருடத்தில் தயாராகும் செங்கற்களில் 2.5 சதவீதத்தை மட்டும் எடுத்து, அவற்றில் எடைக்கு 1 சதவீதம் சிகரெட் துண்டு சேர்த்தாலே, வருடத்துக்கு உற்பத்தியாகும் சுமார் 6 லட்சம் கோடி சிகரெட்டின் குப்பை, அதாவது ஏறக்குறைய 12 லட்சம் டன், தீர்ந்துவிடும். அதிக அளவு சேர்க்கும்போது சுடுவதற்கான எரிசக்தி 58 சதவீதம் வரை மிச்சமாகும் என்றும் கணித்தார்கள்.

2017ல் அதே குழு, துண்டுகளைத் தாரிலும் மெழுகிலும் பொதிந்து தார் ரோட்டுக் கலவையில் சேர்க்கும் முறையையும் வெளியிட்டது. ஐரோப்பாவில் ஸ்லோவாகியா நாட்டில் சிகரெட் துண்டு கலந்து ரோடே போட்டுவிட்டார்கள். அந்நாட்டின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவும் 2024ல் இதற்காகத் தனித் தொட்டிகள் வைத்துச் சேகரிப்பதாக அறிவித்தது.

ஒரு சின்னக் கணக்கு

அறிவியல் ஜெயித்துவிட்டது. இப்போது வரவு செலவைப் பார்க்கலாம்.

ஒரு சிகரெட் துண்டின் எடை சுமார் 0.2 கிராம். ஒரு செங்கல் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் அதில் 1 சதவீதம் என்பது 30 கிராம். அதாவது ஒரு செங்கலுக்கு 150 துண்டுகள். 10,000 கல்லில் ஒரு வீடு கட்டினால் 15 லட்சம் துண்டுகள் வேண்டும்.

இவற்றை யார் பொறுக்குவது? ஒருவர் குனிந்து ஐந்து நொடிக்கு ஒரு துண்டு வீதம் எடுக்கிறார் என்றால் மணிக்கு 720 ஆகிறது. எட்டு மணி நேரம் நிற்காமல் எடுத்தாலும் 5,760 துண்டுகள்தான், எடை சுமார் 1.15 கிலோ. நாள் முழுக்க இடுப்பொடிய வேலை செய்தால் 38 செங்கலுக்குத்தான் வரும்! அந்த 38 கல்லிலும் அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த களிமண் வெறும் ஒரு கிலோ. ஒரு கிலோ களிமண்ணுக்கு எந்தச் சூளைக்காரர் ஒரு நாள் கூலி கொடுப்பார்?

இந்தியாவிலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் உண்டு. அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் ஃபிளை ஆஷ் என்ற சாம்பலும் ஒரு காலத்தில் தலைவலியாகத்தான் இருந்தது. 1999ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மின்நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ. தூரத்துக்குள் உள்ள செங்கல் தயாரிப்பாளர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் சேர்க்க வேண்டும், மின்நிலையம் அதை இலவசமாகத் தர வேண்டும் என்றது. இன்று தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் ஃபிளை ஆஷ் கல் விற்கிறார்கள்.

சாம்பல் ஒரே இடத்தில் மலைபோலக் குவிகிறது. அதன் சொந்தக்காரர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், சட்டம் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். சிகரெட் துண்டோ கோடிக்கணக்கான கைகளால் கோடிக்கணக்கான இடங்களில் வீசப்படுகிறது. குப்பை விழுந்த மறுநொடி அது யாருடையதும் இல்லை.

பில் யார் பெயரில்?

குடிப்பவர்தான் ஒழுங்காகத் தொட்டியில் போட வேண்டும் என்பது சரியான பேச்சுதான். சிகரெட் கம்பெனிகளுக்கும் மிகவும் பிடித்த பேச்சு அது. 2002ல் அமெரிக்காவில் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பு சிகரெட் குப்பைத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது அதற்குப் பணம் கொடுத்தது ஃபிலிப் மோரிஸ். சாம்பல் கிண்ணம் வைப்பது, விழிப்புணர்வு ஏற்படுத்துவது என்று எல்லாப் பொறுப்பும் குடிப்பவர் தலையிலும் நகராட்சி தலையிலும் போனது. பில்டரை ஏன் பிளாஸ்டிக்கில் செய்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் உண்டு. 2009ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், தெருவில் சிகரெட் குப்பை பொறுக்கும் செலவுக்காக பாக்கெட்டுக்கு 20 சென்ட் கட்டணம் விதித்தது. 2019ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம், பில்டர் குப்பையைச் சுத்தம் செய்யும் செலவைத் தயாரிப்பாளரே ஏற்க வேண்டும் என்றது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு படி மேலே போய், பில்டரையே தடை செய்யுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இந்தியாவில் 2020ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சிகரெட், பீடித் துண்டுகளை அகற்ற வழிமுறை வகுக்கும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உத்தரவிட்டது. 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் சிகரெட் பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு சிகரெட்டின் நுனியிலும் இருக்கும் பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை!

இங்கேதான் செங்கலை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1950களில் சிகரெட் குடிப்பவரின் பயத்தைப் போக்க பில்டர் வந்தது. பயம் போனது, நோய் போகவில்லை. இன்று குப்பையைப் பார்த்து வரும் குற்ற உணர்வைப் போக்கச் செங்கலும் ரோடும் வந்திருக்கின்றன. 'அதான் செங்கல் செய்கிறார்களே' என்று நிம்மதியாக வீசிவிட்டுப் போகும் நிலை வந்தால், அந்தச் செங்கல் இன்னொரு பில்டராக மட்டுமே இருக்கும்.

மொஹஜெரானி குழுவின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏற்கெனவே குவிந்துவிட்ட குப்பைக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் பொறுக்குகிறவரின் கூலி சிகரெட் பாக்கெட்டின் விலையில் ஏற வேண்டும். தயாரிப்பவர் கணக்கில் அந்தச் செலவு ஏறினால்தான் பிளாஸ்டிக் பில்டர் இல்லாமல் செய்ய முடியாதா என்று அவர் யோசிக்கவே தொடங்குவார். அதுவரை ஒவ்வொரு துண்டுக்கும் பில் கட்டுவது தெரு கூட்டும் துப்புரவுத் தொழிலாளியின் இடுப்பும், ஊர்க் குளத்து மீனும்தான்.