கோப்புப் பெயரில் தமிழெழுத்து: கல்வராயன் மலைப் பெயர்கள் வழி ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரைக் கல்வராயன் மலை என்றும் கல்ராயன் மலை என்றும் வழங்குவர். அங்கு 1976 வரை நிலவிய ஜாகிர் மூன்றனுள் ஒன்றன் பெயர் 'சடைய' எனவும் 'ஜடைய' எனவும் எழுதப்பெறுகின்றது. இத்தகைய வேறுபாடுகளை ஆய்வாளர் கண்ணாற் கண்டு ஒப்புநோக்கித் தெளியலாம். கணிப்பொறிக் கோப்புகளின் பெயர்களிலோ கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு ஒன்று புகுந்துள்ளது. அதனையே ஈண்டு ஆராய்வோம்.

இம்மலையில் தோன்றும் கோமுகியாற்றின் பெயரைக் காண்க. ஒருங்குறி முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயினும் முன்னதில் 'கோமுகி' 6 குறியெண்களும் பின்னதில் 7 குறியெண்களும் பெறும். 1998இல் மேக் கணிப்பொறிக்கு வந்த கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்தது. விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகத் தந்தவாறே வைப்பன. ஆதலின் ஒரே கோப்பகத்தில் இரண்டு 'கோமுகி' இருத்தல் கூடும். குறியெண்களை ஒப்பிட்டுத் தேடும் நிரலுக்கு அவற்றுள் ஒன்றே அகப்படும். 2017இல் மேக் கணிப்பொறிக்கு வந்த புதிய முறை இரு வடிவையும் ஒன்றெனக் கொள்கின்றது. எனினும் முன்னரே பிற கணிப்பொறிகளுக்குப் படியெடுத்த கோப்புகளுக்கு அதனாற் பயனில்லை.

ஓலைச்சுவடியில் இதற்கு மாறான நிலை இருந்தது. எகர ஒகரங்களுக்குத் தொல்காப்பியர் புள்ளி விதித்திருந்தும் ஏடெழுதுவோர் அதனை விடுத்தமையால் 'கொ', 'கோ' இரண்டும் ஒரே வடிவு பெற்றன. வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனிவடிவு அமைத்தமை யாவரும் அறிந்ததே. அந்நாளிற் படிப்போர் இடம் நோக்கிப் பொருள் தெளிந்தனர். கணிப்பொறிக்கு அத்தெளிவு இயல்பாய் அமைவதன்று.

சேர்த்த வடிவு, பிரித்த வடிவு இரண்டையும் ஒன்றாக்கும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. ஆனால் 'கௌண்டன்' என்பதன் ஔகாரக் குறிக்கு ஈடாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டெழுதுவோர் உளர். அதனை அவ்விதி திருத்தாது. 2005இல் 'ஶ' சேர்ந்தபின் 'ஸ்ரீ'யும் இருவகையாயிற்று. அங்கும் அவ்விதி உதவாது.

நில அளவை எண்ணில் உட்பிரிவு காட்டும் சாய்கோடும் இடர் தருவதே. '45/2' என்பது விண்டோஸிலோ லினக்ஸிலோ கோப்புப் பெயராகாது. ஒருவர் அடிக்கோடும் மற்றொருவர் சிறுகோடும் இடுவர். லினக்ஸில் பெயர்நீளம் பெரும்பாலும் 255 பைட்டு. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளுதலின் 85க்கு மேற் செல்லாது. விண்டோஸில் இட்ட நெடும்பெயர் அங்கே ஏறாது போதல் இதனால்.

1993 வரை தென்னார்க்காட்டிலும் பின்னர் விழுப்புரத்திலும் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே மலையூர் ஒன்றன் நிலவுரிமை வரலாற்றை எழுதுவோர் பலவிடத்துக் கோப்புகளைத் தேட நேரும். கோப்பு இல்லை எனக் கணிப்பொறி கூறுவது கொண்டு ஆவணமே இல்லை எனத் துணிதல் பொருந்தாது. தொகுப்போர் சேர்த்த வடிவையே கொண்டு, கோப்புக்கு எண் மட்டும் இட்டு, ஏட்டில் உள்ளவாறே பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.