ஒன்பதாவது மாடிக் கதவு

1911, மார்ச் 25. சனிக்கிழமை சாயங்காலம் 4.40 மணி. நியூயார்க்கின் ட்ரையாங்கிள் தையல் ஃபேக்டரியில் வேலை முடிகிற நேரம். சம்பளக் கவரை வாங்கிக்கொண்ட பெண்கள் கோட்டையும் தொப்பியையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மாடிக் கட்டடம் அது. மேலே இருக்கும் மூன்று மாடிகளும் ட்ரையாங்கிள் வசம். ஆண்கள் சட்டை மாதிரி பட்டன் வைத்த பெண்கள் மேல்சட்டைதான் சரக்கு. அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட ஃபேஷன்! தைத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள். பதினாலு வயசுச் சிறுமிகளும் உண்டு.

எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேஜைக்கடியில் மலையாகக் குவிந்திருந்த வெட்டுத் துண்டுகளில் தீப்பிடித்தது. யாரோ வீசிய சிகரெட்டாக இருக்கலாம் என்கிறார்கள். உடனே பத்தாவது மாடி ஆபீஸுக்கு போன் போனது. முதலாளிகள் மாக்ஸ் ப்ளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் மொட்டைமாடி வழியாகத் தப்பிவிட்டார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நெருப்பே நேரில் வந்து சொன்னது.

அங்கே இரண்டு படிக்கட்டுகள். ஒன்றைத் தீ மறித்துக்கொண்டது. இன்னொன்றின் கதவு பூட்டு! ஏன் பூட்டினார்களாம்? வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே ஒருவர் நின்று பெண்களின் கைப்பையைத் திறந்து சோதிப்பார். துணி திருட்டுப் போய்விடக் கூடாது அல்லவா... பின்னால் கோர்ட்டில், "மொத்தம் எவ்வளவு திருட்டுப் போயிருக்கும்?" என்று ஹாரிஸிடமே கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டார் மனிதர்.

வெளியே இருந்த இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய ஜோசப் ஸீட்டோவும் காஸ்பர் மார்ட்டிலாரோவும் புகைக்குள் திரும்பத் திரும்பப் போய் முடிந்தவரை ஆட்களை இறக்கினார்கள். ஃபயர் சர்வீஸ் வந்தது. ஆனால், அவர்களின் ஏணி எட்டியதோ ஆறாவது மாடி வரைதான்! ஜன்னலில் நின்றவர்கள் குதித்தார்கள். விரித்துப் பிடித்த வலைகள் கிழிந்தன. செத்தவர்கள் 146 பேர். கட்டடம் மட்டும் தீப்பிடிக்காத ரகம். இன்றும் நிற்கிறது, நியூயார்க் பல்கலைக்கழகக் கட்டடமாக.

அதே வருஷம் டிசம்பரில் முதலாளிகள் விடுதலை. கதவு பூட்டியிருந்தது சரி, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வியாம்! இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணம், நஷ்டத்தைவிடச் சுமார் 60,000 டாலர் அதிகம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914-ல் கிடைத்தது உயிருக்கு 75 டாலர். நடுவில் 1913-ல் ப்ளாங்க் மறுபடியும் பிடிபட்டார். இன்னொரு ஃபேக்டரியில், வேலை நேரத்தில் கதவைப் பூட்டிய குற்றம். அபராதம் 20 டாலர்!

தீப்பிடித்த அன்று பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார் ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸ். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், பெண்கள் விழுவதைக் கண்ணால் பார்த்தார். பிறகு மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவோடு சேர்ந்து ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறி இறங்கினார். அரசியல்வாதிகளைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். விளைவு, அடுத்த சில வருஷங்களில் நியூயார்க்கில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள். வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்பதும் அதில் ஒன்று. 1933-ல் பெர்க்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண் அவர்தான்.

சரி, இறந்தவர்கள்? ஆறு பேருக்குப் பெயரே தெரியாமல் புதைத்திருந்தார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்க 2011 ஆகிவிட்டது, சரியாக நூறு வருஷம். 146 பெயர்களையும் தாங்கிய நினைவுச் சின்னம் அந்தக் கட்டடத்தில் வந்தது 2023 அக்டோபரில்தான்.

அதற்கு ரொம்ப முன்பே, 2004-லிருந்து, தன்னார்வலர்கள் வேறொரு காரியம் செய்து வருகிறார்கள். மார்ச் 25 அன்று சாக்பீஸும் கையுமாகக் கிளம்புவார்கள். இறந்த ஒவ்வொருவரும் குடியிருந்த வீட்டைத் தேடிப் போய், வாசல் நடைபாதையில் பெயரையும் வயதையும் எழுதுவார்கள். மழை பெய்தால் அழிந்துவிடும். அடுத்த மார்ச்சில் மறுபடி வருவார்கள்.