தோல் வளையமும் தகர விளக்கும்

எங்கள் வீட்டில் பம்பு ஸ்டவ் இருந்த காலத்தில் அதைப் பழுது பார்ப்பது தாத்தாவின் வேலை. பம்புத் தண்டின் நுனியிலுள்ள தோல் வாசர் காய்ந்து சுருங்கினால் காற்று ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் நீவி விரித்து மீண்டும் மாட்டுவார். அடைத்துக்கொண்ட துளையை ஸ்டவ் பின்னால் குத்துவார். அடுப்பு சீறத் தொடங்கும். தோல் காய்ந்தால் சுருங்கும் என்னும் இந்தச் சிற்றறிவு, 1912ஆம் ஆண்டில் தென்துருவப் பனிவெளியில் மனித உயிர்களின் விலையாயிற்று.

நம் பம்பு ஸ்டவ்வின் முன்னோடி, ஸ்வீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892 வாக்கில் உருவாக்கிய பிரைமஸ். அதற்குத் திரி இல்லை. சூடேறிய குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகி, புகையின்றி நீலச் சுடராக எரியும். துருவப் பயணிகளுக்கு அது சமையற்கருவி மட்டுமன்று. பனியை உருக்கினாலன்றி அங்கே குடிக்கத் தண்ணீரும் இல்லை.

நார்வேயின் நான்சென் 1895இல் யோஹான்செனுடன் வடதுருவம் நோக்கிச் சென்றபோது பிரைமஸ் உடன் சென்றது. திரும்பும் வழியில் ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் குளிர்காலம் முழுவதும் தங்க நேர்ந்தது. சறுக்குவண்டியின் உலோகத் தகட்டை மடக்கி அகல் செய்தார்கள். மருந்துப் பையிலிருந்த கட்டுத்துணி திரியாயிற்று. கடல்விலங்கின் கொழுப்பு எண்ணெயாயிற்று. இருவரும் உயிரோடு ஊர் திரும்பினர்.

ஸ்காட்டின் கதை வேறு. மண்ணெண்ணெய் தகரத்தின் மூடி வழியே கசியும் என்பதை அவர் தம் முதல் தென்துருவப் பயணத்திலேயே (1901–04) கண்டிருந்தார். ஆயினும் இரண்டாம் பயணத்தின் தகரங்களை அடைத்துக் காத்தவை தோல் வளையங்களே. 1912 ஜனவரி 17இல் துருவத்தை அடைந்து திரும்பியவர்கள், பிப்ரவரி இறுதி முதல் கிடங்கு கிடங்காக எண்ணெய் குறைந்திருக்கக் கண்டனர். அமுண்ட்சென் தம் தகரங்களின் வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அவர் மவுண்ட் பெட்டியில் விட்டுச் சென்ற மண்ணெண்ணெய், 1929இல் லாரன்ஸ் கூல்டின் குழு அங்குச் சென்றபோதும் இருந்தது.

ஸ்காட் குழுவினர் கைத்திறன் அற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதே பயணத்தைச் சேர்ந்த கேம்ப்பெல் உள்ளிட்ட அறுவர் 1912இன் குளிர்காலத்தைக் கடற்கரையோரப் பனிக்குகையொன்றில் கழித்தனர். எண்ணெய்த் தகரத்தை வெட்டி அடுப்பாக்கி, சீல் எலும்பின்மேல் கொழுப்பை உருகவிட்டு எரித்தனர். ஆக்ஸோ டப்பாக்கள் விளக்குகளாயின. அறுவரும் நவம்பரில் முகாமுக்கு மீண்டனர். அவர்களுக்குக் கரையில் சீல் கிடைத்தது. ஸ்காட் நடந்த பனித்தட்டில் எந்த உயிரும் இல்லை. செப்பனிடும் கைக்கும் பொருள் வேண்டுமல்லவா?

1912 நவம்பர் 12 அன்று தேடிச் சென்றவர்கள் ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டனர். உள்ளே ஒரு சிறு விளக்கு இருந்தது. தகர டப்பா ஒன்று. பனிக்காலணியிலிருந்து எடுத்த திரி. பிரைமஸைச் சூடேற்ற வைத்திருந்த சாராயத்தின் மிச்சத்தை ஊற்றி எரித்திருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் முழுதும் தீர்ந்தபின் அந்தக் கைகள் செய்த கடைசி அடுப்பு அது. அடுத்த கிடங்கு பதினோரு மைல் தொலைவில் இருந்தது.