மருந்து நின்ற பின்: எலும்புப்புரை பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

நோயின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மட்டும் நோக்குவோர், மருந்தின் பின்னுள்ள உற்பத்தி உறவுகளைக் காணத் தவறுகின்றனர். எலும்புப்புரை இதற்குத் தக்க சான்றாகும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு மெலிதலை ஃபுல்லர் ஓல்பிரைட் 1941இல் விளக்கினார். ஆயின் இந்நோய்க்குரிய முதன்மை மருந்துகளான பிஸ்பொஸ்பொனேற்றுகள் வைத்தியசாலையிற் பிறந்தவையல்ல; நீரிற் சுண்ணம் படியாது தடுக்கத் தொழிற்றுறையிற் பயன்பட்டவை. 1960களில் சுவிற்சர்லாந்தின் ஹேர்பேட் ஃபிளைஷ் குழுவினர், ஒரு சவர்க்காரக் கம்பனியின் ஆய்வாளருடன் இணைந்து, அவை எலும்புச் சிதைவையும் தடுக்குமெனக் கண்டனர். அவற்றுள் ஒன்றான அலென்ட்ரோனேற் 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது.

நிறுத்தியபின் நிகழ்வது யாது என்ற வினா பின்னரே எழுந்தது. 1,099 பெண்களிடம் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அலென்ட்ரோனேற் உண்டு நிறுத்தியோரின் எலும்படர்த்தி மெதுவாகவே குறைந்தது; மருந்து எலும்பிற் படிந்து நெடுநாள் தங்குவதே காரணம். ஆயினும் அறிகுறியுடன் வெளிப்பட்ட முள்ளெலும்பு முறிவு நிறுத்தியோரிடம் 5.3 வீதமாகவும் தொடர்ந்தோரிடம் 2.4 வீதமாகவும் இருந்தது. 2010இல் வந்த டெனோசுமாப் ஊசியோ எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை இடும் அவ்வூசி நின்றால், பெற்ற அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் இழக்கப்படும். சிலரிடம் பல முள்ளெலும்புகள் ஒருங்கே முறியும். எனவே அதன்பின் வேறொரு மருந்து தொடர்தல் இன்றியமையாதது.

நிறுத்துவது எவரது தீர்மானம் என்பதே இங்கு அடிப்படை வினா. எஸ். ஏ. விக்கிரமசிங்க, சேனக பிபிலே ஆகியோரின் அறிக்கையை அடுத்து 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்தைப் பொதுப்பெயரில், அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்தல் அதன் நோக்கம். 1977இன் பின்வந்த திறந்த பொருளாதாரம் அம்முயற்சியைத் தளர்த்தியது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. அத்தகைய வேளையில் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ முதிய உம்மா ஒருவரின் மருந்து நிற்குமாயின், தீர்மானிப்பது வைத்தியரன்று, சந்தையே.

பெண்வழிக் குடிமுறை நிலவும் இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. தாயின் ஊதியமற்ற உழைப்போ ஓய்வதில்லை. அவரது முதுகுவலியையும் கூனையும் முதுமையின் இயல்பெனக் கொள்ளுமிடத்து, முறிவு முறிவென்றே அறியப்படாது போகின்றது.

எலும்படர்த்தி அளக்கும் கருவி எல்லா ஊருக்கும் எட்டுவதன்று. சுவரும் அளவுநாடாவும் எங்கும் உண்டு. மருந்து நின்றவரின் உயரத்தைக் காலந்தோறும் குறித்து, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட குறைவையும் புதிய முதுகுவலியையும் வைத்தியருக்கு உரைத்தல் கிளினிக்கின் கடமையாதல் வேண்டும். பொதுச் சுகாதாரத்தின் தரம், மருந்து கொடுத்த நாளிலன்றி, அது நின்ற நாளின் பின்னரே உண்மையில் அளக்கப்படுகின்றது.