தம்படி முதல் எட்டணா வரை: சின்னக் காசு மறைந்த கதை



"இந்த ஒரு ரூபா, ரெண்டு ரூபாக் காசையெல்லாம் இன்னும் எதுக்கு அடிக்கிறாங்க? நிறுத்திட்டா என்ன?" குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணும்போது யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வி புதுசு இல்லை. நம் பாட்டிமார் காலத்திலிருந்தே சின்னக் காசு ஒவ்வொன்றாக மறைந்துகொண்டுதான் வருகிறது. எப்படி மறைந்தது, மறைந்தபோது மிச்சம் யார் கைக்குப் போச்சு என்று தெரிந்துகொண்டால், இந்தக் கேள்விக்கு நாமே பதில் சொல்லலாம்.

ஒரு ரூபாய்க்கு 192 தம்படி

1957-க்கு முன்னால் ஒரு ரூபாய்க்கு 100 பைசா கிடையாது. ஒரு ரூபாய் என்றால் 16 அணா. ஒரு அணாவுக்கு 4 காலணா. ஒரு காலணாவுக்கு 3 தம்படி. ஆகமொத்தம் ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. "தம்படிக்குப் பிரயோஜனம் இல்லை" என்று இப்பவும் திட்டுகிறோமே, அந்தத் தம்படிதான் இது. முதலில் போனதும் அதுதான். 1942-உடன் தம்படி அடிப்பது நின்றுபோனது.

அடுத்த வருஷமே காலணாவுக்கும் கஷ்டம் வந்தது. அது இரண்டாம் உலகப் போர்க்காலம். உலோகத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் 1943-இல் இருந்து நடுவில் ஓட்டை போட்ட காலணாவை அடித்தார்கள். வயசானவர்கள் சொல்கிற "ஓட்டைக் காலணா" இதுதான். அலங்காரத்துக்குப் போட்ட ஓட்டை இல்லை, உலோகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டை.

சின்னக் காசு மறைவதற்கான காரணம் இந்த ஓட்டையிலேயே இருக்கிறது. காசின் மேல் எழுதியிருக்கும் மதிப்பு மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை ஏறும். விலைவாசியும் ஏறும். ஒரு நாள் அந்தக் காசுக்கு வாங்க ஒன்றும் இருக்காது, அடிக்கிற செலவோ காசின் மதிப்பைவிட அதிகமாகிவிடும்.

நயா பைசாவும் நாலு காலணாவும்

1955-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்தி, 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று ஆக்கினார்கள். பழைய பைசாவோடு குழம்பக் கூடாது என்று 'நயா பைசா', அதாவது புதுப் பைசா, என்று பெயர். 1964 ஜூன் 1 முதல் 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆனது.

நாலணாவுக்கு 25 பைசா, எட்டணாவுக்கு 50 பைசா. இதில் சிக்கல் இல்லை. ஒரு அணாவில்தான் சிக்கல். 100-ஐ 16-ஆல் வகுத்தால் ஆறேகால் வருகிறது. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால் ஒரு விதி வைத்தார்கள்: அரைப் பைசாவுக்கு மேலே இருந்தால் முழுப் பைசாவாக எடுத்துக்கொள், அரையோ அதற்குக் குறைவோ இருந்தால் விட்டுவிடு. இதன்படி ஒரு அணா 6 நயா பைசா. ரெண்டு அணா 12. மூணு அணா 19. காலணா ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே வருவதால் 2 நயா பைசா.

இதை நம் கணக்கு நோட்டில் போட்டுப் பார்ப்போம். ஒரு அம்மா காலணா வீதம் நாலு தடவை சாமான் வாங்குகிறார். ஒவ்வொரு தடவைக்கும் 2 நயா பைசா, ஆக 8 நயா பைசா. அதே சாமானை இன்னொரு அம்மா ஒரு அணா கொடுத்து ஒரே தடவையில் வாங்கினால் 6 நயா பைசாதான். விதி ஒன்றுதான். ஆனால் கையில் இருப்பதை வைத்து அன்னன்னைக்கு வாங்குகிறவருக்கு 2 நயா பைசா கூடுதல். எல்லா இடத்திலும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒரு அணா வீதம் நாலு தடவை கொடுத்தால் 24, மொத்தமாக நாலணா கொடுத்தால் 25. அங்கே ஒரு பைசா லாபம். ஆனால் எல்லாரிலும் சின்னதாக வாங்கியது காலணாக்காரர்தான், அவருக்குத்தான் அடி.

அலுமினியமும் எவர்சில்வரும்

1960-களில் செம்பும் நிக்கலும் கலந்த சின்னக் காசுகளை விட்டுவிட்டு, படிப்படியாக அலுமினியத்துக்கு மாறினார்கள். அறுகோண வடிவில் வந்த 3 பைசாதான் இந்த மாற்றத்தின் தொடக்கம். 1968-இல் 20 பைசா வந்தது, அது அவ்வளவாக எடுபடவில்லை. 1970-களில் 1, 2, 3 பைசா அடிப்பது படிப்படியாக நின்றது. 1988-இல் 10, 25, 50 பைசா காசுகள் எவர்சில்வரில் வந்தன. 1992-இல் ஒரு ரூபாயும் எவர்சில்வர் ஆனது.

நம் குழுக்களின் கதையும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் அமைந்தபோது பத்துப் பைசாவும் நாலணாவும் செல்லுகிற காசு. 1997-இல் மகளிர் திட்டம் வந்தபோதும் அவை சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள எல்லாக் காசுகளும் செல்லாது என்று மத்திய அரசு அறிவித்தது. வங்கியில் மாற்றிக்கொள்ள முந்தின நாள் வரைதான் கெடு. 54 வருஷம் புழங்கிய நாலணாக் காசு அன்றோடு முடிந்தது. முன்னாலேயே அதற்கு எந்தச் சாமானும் கிடைக்காமல் போனதால் பெரிய சத்தம் எழவில்லை.

எட்டணா: சட்டத்தில் உண்டு, கடையில் இல்லை

50 பைசா செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி 10 ரூபாய் வரைக்கும் எட்டணாக் காசாகக் கொடுக்கலாம், ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசும் என்றால் 1,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். ஆனால் எந்தக் கடையில் எட்டணா வாங்குகிறார்கள்? அரசாங்கம் நிறுத்துவதற்கு முன்னாலேயே கடைத்தெரு நிறுத்திவிட்டது. இது பத்து ரூபாய்க் காசுக்கும் நடந்தது. செல்லாது என்ற வதந்தியால் நம்ம ஊர்க் கடைகளிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்தார்கள். 2018-இல் ரிசர்வ் வங்கி 14 விதமான பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அரசு நிறுத்தினால் ஒரு தேதி இருக்கும், மாற்றிக்கொள்ள ஒரு கெடு இருக்கும். கடைத்தெரு நிறுத்தினால் விதியே இல்லை. 12 ரூபாய் 50 பைசா சாமானுக்கு 13 ரூபாய் வாங்குவார்கள், 12 வாங்குவது அபூர்வம். மீதிக்கு "சில்லறை இல்லீங்க, மிட்டாய் எடுத்துக்கோங்க" என்பார்கள். அந்த மிட்டாயை நாம் திருப்பிக் கொடுத்தால் காசாக எடுத்துக்கொள்வார்களா?

இன்னொரு விஷயம். எது கடைசிக் காசோ அதுவே மிகச் சின்னப் பாக்கெட்டின் விலை. கடலூரிலிருந்து வந்த சிக் ஷாம்பூ 1990-களின் கடைசியில் 50 பைசா பாக்கெட்டாக வந்து கிராமமெல்லாம் பரவியது. எட்டணா புழக்கத்தில் இருந்ததால் அந்த விலை வைக்க முடிந்தது. இனி ஒரு ரூபாயும் நின்றால், ஒரு ரூபாய்ப் பாக்கெட் எந்த விலைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடிக்கிற செலவு

நிறுத்தச் சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு ரூபாய்க் காசு ஒன்றை அடிக்க 1 ரூபாய் 11 பைசா ஆகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதில் 2018-இல் வெளியானது. நம் காசை எல்லை தாண்டிக் கடத்தி, உருக்கி, பிளேடு செய்கிறார்கள் என்று 2007-இல் செய்தி வந்தது. காசை உருக்குவது குற்றம், 7 வருஷம் வரை சிறை. ஆனாலும் லாபம் இருக்கும் இடத்தில் உருக்குகிறவரும் இருப்பார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. காசு ஒரு தடவை விற்றுத் தீர்கிற சாமான் இல்லை. பல வருஷம், பல கை மாறி உழைக்கும். எவர்சில்வர் பாத்திரம் வாங்கின அன்றைக்கே அதன் விலைக்குச் சோறு ஆக்கிப் பார்க்கிறோமா? காசு கை மாறுகிறவரை செலவு வீண் இல்லை. டப்பாவிலும் உண்டியலிலும் முடங்கிக் கிடந்தால்தான் வீண்.

கனடா நாட்டில் ஒரு சென்ட் காசு அடிக்க 1.6 சென்ட் ஆனது. 2012 மே 4-ஆம் தேதி கடைசிக் காசை அடித்தார்கள், 2013 பிப்ரவரி 4-இல் வங்கிகளுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆனால் முன்கூட்டியே விதியைச் சொன்னார்கள். ஒவ்வொரு சாமானின் விலையையும் ரவுண்டு பண்ணக் கூடாது, பில்லின் மொத்தத்தை மட்டும் ஒரே தடவை, பக்கத்தில் இருக்கும் 5 சென்ட்டுக்கு, மேலேயோ கீழேயோ ரவுண்டு பண்ண வேண்டும். அதுவும் ரொக்கம் கொடுத்தால் மட்டும். கார்டில் கொடுத்தால் சென்ட் பிசகாமல் எடுப்பார்கள். அமெரிக்காவில் ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் ஆனது. புழக்கத்துக்கான கடைசிக் காசை 2025 நவம்பர் 12-இல் அடித்தார்கள். எப்படி ரவுண்டு பண்ணுவது என்று நாடு முழுவதற்கும் ஒரே விதி அன்றைக்கு இல்லை, அதனால் கடைக்கு ஒரு வழக்கம் ஆனது.

மொத்தத்தை ரவுண்டு பண்ணுவதற்கும் ஒவ்வொன்றையும் ரவுண்டு பண்ணுவதற்கும் என்ன வித்தியாசம்? 12 ரூபாய் 60 பைசா வீதம் நாலு சாமான். ஒவ்வொன்றையும் 13 ஆக்கினால் 52 ரூபாய். மொத்தம் போட்டால் 50 ரூபாய் 40 பைசா, அதை 50 ரூபாய் ஆக்கலாம். வித்தியாசம் 2 ரூபாய். 1957-இல் காலணாக்காரருக்கு நடந்ததும் இதேதான்.

நம் பதில்

ஆகவே, சின்னக் காசு போவதைக் கண்டு நாம் பயப்பட வேண்டாம். தம்படி போச்சு, காலணா போச்சு, நாலணா போச்சு, நாம் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒரு ரூபாய்க் காசு இன்னும் ஓடுகிறது. பாக்கெட் விலையும் சில்லறையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. போனில் பணம் அனுப்புகிறவர் பைசா பிசகாமல் கொடுத்துவிடலாம். ரொக்கம் கொடுத்து வாங்கும் வயசான அம்மாவுக்குத்தான் ரவுண்டு பண்ணும் பாரம். அதனால் ரவுண்டு பண்ணும் விதியைச் சட்டமாகச் சொல்லாமல் ஒரு ரூபாயை நிறுத்தக் கூடாது என்பதே என் கருத்து.

அரசு செய்வது இருக்கட்டும், நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். "ஒரு பைசா வட்டி" என்கிறோம். ஒரு ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா, நூற்றுக்கு ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். பைசாக் காசு போய் இத்தனை வருஷம் ஆகியும் நம் வட்டியில் பைசா இருக்கிறது. 4,350 ரூபாய்க் கடனுக்கு மாத வட்டி 43 ரூபாய் 50 பைசா. எண்ண வசதியாக 45 என்று வாங்கினால் ஒருவருக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல். 12 பேரிடம் 10 மாதம் அப்படி வாங்கினால் 180 ரூபாய். அது எந்தத் தலைப்பிலும் வராத பணம். எனவே ஊக்குநர்களும் கணக்காளர்களும் நோட்டில் பைசா வரை எழுதுங்கள். ரொக்கத்தில் 44 வாங்கினால் 50 பைசாவை அடுத்த மாதத்துக்கு வரவு வையுங்கள்.

கேன்டீனும் கடையும் நடத்தும் குழுக்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சாமானையும் ரவுண்டு பண்ணாதீர்கள், மொத்தத்தை ஒரே தடவை பண்ணுங்கள். மீதிக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். பத்து ரூபாய்க் காசைத் தயங்காமல் வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டுவிடலாம்.