சமநிலையை யார் அளப்பது? அமெரிக்கப் பழமைவாதமும் இணையப் பேச்சுரிமையும்

சமூக ஊடக நிறுவனம் தன் தளத்தில் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதில் மாநில அரசு தலையிடலாமா? 2022 மே மாதம் ஃபுளோரிடா வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதி கெவின் நியூசம் கூடாது என்றார். செப்டம்பரில் டெக்சஸ் வழக்கில் ஆண்ட்ரூ ஓல்டம் தலையிடலாம் என்றார். இருவரையும் நியமித்தவர் டிரம்ப். எனவே இதை இடது, வலது பூசலாகப் படிப்பது பிழை. இது பழமைவாதத்தின் வீட்டுக்குள் நடக்கும் வழக்கு; அதில் நியாயம் நியூசம் பக்கமே என்பது என் வாதம்.

ஓல்டமின் தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. தந்தி, தொலைபேசி நிறுவனங்கள் கருத்தைப் பார்த்து இணைப்பை மறுக்க முடியாது. விரல்விட்டு எண்ணக்கூடிய தளங்களே பொதுவிவாதத்தின் வாசலாகிவிட்ட பின் அவற்றுக்கும் அக்கடமையை விதிக்கலாம் என்ற வழியை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கோடிட்டுக் காட்டினார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் பதவியிலிருந்த அதிபரின் கணக்கையே ட்விட்டர் முடக்கியிருந்தது. தளங்களின் அதிகாரம் பற்றிய அச்சம் கற்பனையல்ல.

ஆனால் உவமை ஓரிடத்தில் முறிகிறது. தொலைபேசி நிறுவனம் நம் அழைப்புகளை வரிசைப்படுத்தித் தருவதில்லை. முகநூலைத் திறந்ததும் முதலில் எந்தப் பதிவு கண்ணில் படுகிறது என்பதோ ஒரு தேர்வு. பத்திரிகையின் முதல் பக்கத்தை அமைப்பவர் செய்யும் வேலைக்கு அது நெருக்கமானது. விமர்சிக்கப்பட்ட வேட்பாளரின் பதிலை நாளிதழ் வெளியிட்டே ஆகவேண்டும் என்ற ஃபுளோரிடாவின் பழைய சட்டத்தை 1974இல் மயாமி ஹெரால்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லாததாக்கியது.

அரசு தலையிடக்கூடாது என்பதையே பழமைவாதிகளின் சொந்த அனுபவமும் சொல்கிறது. சர்ச்சைக்குரிய பொருள்களில் எதிர்க்கருத்துக்கும் ஒலிபரப்பில் இடம் தரவேண்டும் என்ற விதி 1949 முதல் இருந்தது. அதைச் சட்டமாக்கும் மசோதாவை 1987இல் அதிபர் ரீகன் நிராகரித்தார். அதே ஆண்டு ஒலிபரப்பு ஆணையமும் விதியைக் கைவிட்டது. மறு ஆண்டே பழமைவாத வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. பழமைவாத வானொலி தழைத்தது, சமநிலையை அளக்கும் பொறுப்பு அரசின் கையைவிட்டுப் போன பிறகுதான்.

அந்தப் பொறுப்பு திரும்ப வந்தால் என்ன ஆகும் என்பதை ஃபுளோரிடாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே காணலாம். குறைந்தது 25 ஏக்கர் பரப்புள்ள கேளிக்கைப் பூங்கா நடத்தும் நிறுவனத்துக்கு அதில் விலக்கு இருந்தது. 2022இல் ஆளுநரின் கல்விச் சட்டம் ஒன்றை, அத்தகைய பூங்கா நடத்தும் டிஸ்னி எதிர்த்தது, விலக்கு பறிபோனது. நட்பாக இருந்தவரை சலுகை, முரண்பட்டதும் தண்டனை. பேச்சைச் சமன்செய்யும் தராசை இத்தகைய கையில் கொடுக்கச் சொல்வதை ரீகனின் வாரிசுகள் எப்படி ஏற்பது?

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளையும் நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆனால் பதிவுகளைத் தேர்ந்து தொகுப்பதும் கருத்து வெளிப்பாடே என்று நீதிபதி எலினா கேகன் பெரும்பான்மைத் தீர்ப்பில் எழுதினார். அதற்குச் சில நாள்களுக்கு முன் அதே நீதிமன்றத்தில் மூர்த்தி வழக்கில் வந்த தீர்ப்புதான் எனக்குக் கவலை தருகிறது. அதிகாரிகள் திரைமறைவில் தளங்களை நெருக்கியதாகச் சொன்ன மனுதாரர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று 6–3 என முடிவானது. தங்கள் பதிவுகள் நீக்கப்பட்டதற்கு அரசின் அழுத்தமே காரணம் என்று அவர்கள் காட்டவில்லையாம். அதிகாரி எந்தப் பதிவை நீக்கச் சொன்னார் என்பதை அதை எழுதியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும்.